பிரான்ஸ் லப்டொப்புக்கு யாழ்ப்பாணத்தில் என்ன உரிமை?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் இல்லை என்று மைக்ரோசொஃப்ட் கையை விரித்தது. பத்து வருடம் ஓடிய மென்பொருள். எந்தச் சாமானுக்கும் ஒரு நாள் முடிவு வரும்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் கூடவே வந்த இன்னொரு அறிவித்தல்தான் என்னை விடவில்லை. மேலும் ஒரு வருடத்துக்கு, அதாவது 2026 ஒக்டோபர் 13 வரை, அப்டேட் வேண்டுமா? 30 டொலர் கட்டு. காசு கட்ட மனமில்லையா? உன் கணனியின் அமைப்புகளை எங்கள் கிளவுட்டில் ஏற்று. இது உலகத்துக்கு. ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காசும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம், ஒரு மைக்ரோசொஃப்ட் கணக்கு இருந்தால் போதும். அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள், இப்படி நிபந்தனை போடுவது எங்கள் சட்டத்துக்கு அடுக்குமா என்று கேட்டுக் கடிதம் போட்ட பிறகு பிறந்த பெருந்தன்மை அது.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கணனி திருத்துகிறவன். கம்பஸ் பெடியள், ஆசிரியர்மார், கிராம அலுவலர்கள், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையோடு வீடியோவில் கதைப்பதற்கென்றே லப்டொப் வைத்திருக்கிற அம்மாமார் என்று பலரும் வருவார்கள். அவர்கள் கொண்டுவருகிற மெஷின்களில் நிறைய, இங்கே கடையில் வாங்கினது இல்லை. திருவிழாவுக்கோ கலியாணவீட்டுக்கோ வந்த சொந்தக்காரர் சூட்கேஸுக்குள் உடுப்புக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. எந்த நாட்டிலிருந்து வந்தது என்று நான் கேட்பதில்லை, விசைப்பலகையைப் பார்த்தாலே தெரியும். பிரான்ஸ் மெஷின் என்றால் கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும். எம் கீழ்வரியை விட்டு ஏறி எல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும். ஜேர்மனி, சுவிஸ் என்றால் வையும் ஸெட்டும் இடம் மாறியிருக்கும். நோர்வே என்றால் ஓவுக்குக் குறுக்கே கோடு போட்ட எழுத்து ஒன்று வலது பக்கத்தில் நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகின ரீச்சருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அவ விசையைப் பார்த்து அடிக்கிறவ இல்லை. பார்த்து அடிக்கிறவர்களுக்கு நான் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பேன். எங்கட வெக்கைக்கும் வியர்வைக்கும் அது கொஞ்ச நாளில் உரிந்து, கீழேயிருந்து பிரான்ஸ் எட்டிப் பார்க்கும்.

2022இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சம் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அதற்குப் பிறகு புது லப்டொப் என்பது ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளத்தால் எட்டிப் பிடிக்கிற பொருளாக இல்லை. ஆகவே பாரிஸில் சித்தப்பா மாற்றுகிற பழைய மெஷின் இங்கே ஒரு வீட்டின் புது மெஷின். அது நல்லாத்தான் ஓடும். பற்றரி போயிருக்கும், அதை மாற்றலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பறக்கும். ஆனால் விண்டோஸ் 11 ஏறாது. இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தின புரொசெசர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அது வாசலிலேயே மறித்துவிடும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017இல்தான். டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இந்த முடிவால் உலகம் முழுக்க ஏறத்தாழ 24 கோடிக் கணனிகள் குப்பைக்குப் போகலாம் என்று கனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 கடைசியிலேயே கணக்குப் போட்டிருந்தது. குப்பைக்குப் போகிறதில் ஒரு பகுதி சூட்கேஸில் ஏறி இங்கே வரும் என்பதை அந்தக் கணக்கு எழுதினவர்கள் யோசித்திருக்க நியாயமில்லை.

(எங்கட ஊரில் விண்டோஸை யார் காசு குடுத்து வாங்கினது என்று நீங்கள் சிரிக்கிறது கேட்கிறது. திருட்டு விண்டோஸுக்கு அப்டேட் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. ஆனால் வெளிநாட்டில் வாங்கின லப்டொப்பில் விண்டோஸ் முறையாகத்தான் இருக்கும், விலையோடு சேர்ந்து காசு கட்டப்பட்டது. அந்த மெஷினைப் பற்றித்தான் பேச்சு.)

அப்படிக் காசு கட்டி பாரிஸில் வாங்கின மெஷின் அங்கேயே இருந்தால் ஒரு வருட அப்டேட் சும்மா கிடைக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி இலங்கைக் கணக்கோடு ஓடத் தொடங்கினால் 30 டொலர், கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் ரூபாய். அதுவும் வெளிநாட்டுக் காசில் கட்டக்கூடிய கார்ட் இருக்கிறவர்களுக்கு. இல்லையென்றால் தரவை ஏற்று. மெஷின் அதே மெஷின், அதே கம்பனி, அதே அப்டேட் கோப்பு. மாறினது மெஷின் நிற்கிற நிலத்தின் சட்டம் மட்டும்தான்.

இது பணக்கார நாடு, ஏழை நாடு என்ற கதை என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டபோது சுவிஸ் மாமாவும் அப்படித்தான் எழுதினார்: "உங்களைப் போல நாடுகளுக்கு உப்பிடித்தான் செய்வாங்கள்." மாமா, சுவிற்சர்லாந்து அந்த வலயத்துக்குள் இல்லை, உங்களுக்கும் கிடையாது என்று பதில் போட்டேன். மாமாவிடமிருந்து ஒரு பெருவிரல் மட்டும் வந்தது. லண்டன் சித்திக்கும் கிடையாது, பிரித்தானியா வெளியே போய்விட்டது. ஒஸ்லோ மச்சானுக்குக் கிடைக்கும். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் பொருளாதார வலயத்துக்குள் இருக்கிறது. உலகத்தில் காசுக்குப் பெயர்போன நாடு வெளியே நிற்கிறது, பாரிஸின் புறநகரில் கடைச் சமையலறையில் நிற்கிற சித்தப்பா உள்ளே நிற்கிறார்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் குழுவைத் திறந்து பார்த்தால் இன்றைய தொழில்நுட்பச் சட்டங்களின் உலகப் படமே அதில் இருக்கும். போர் எங்களைச் சிதறடித்ததன் பக்க விளைவு. ஒரே கம்பனி ஒரே தாய்வழிப் பிள்ளைகளை நாட்டுக்கு நாடு எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக் கம்பனியான மெட்டாவை எடுங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் பெரியவர்கள் 2007இலிருந்து எல்லோருக்கும் தெரியப் போட்ட பதிவுகளையும் படங்களையும் தன் செயற்கை நுண்ணறிவுக்குத் தீனியாகப் போடுகிறது. 2024 செப்ரெம்பரில் அவுஸ்திரேலிய செனட் விசாரணையில் கம்பனியின் அதிகாரியே அதை ஒப்புக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லும் வசதி ஐரோப்பியர்களுக்கு இருக்கிறதே, எங்கட ஆட்களுக்கு ஏன் இல்லை என்று செனட்டர்கள் கேட்டார்கள். ஐரோப்பாவில் சட்டம் வேறு என்பதுதான் பதிலின் சாரம். ஐரோப்பாவில் 2024 ஜூனில் ஒத்திவைத்த வேலையை 2025 மே 27இல் தொடங்கியபோது, தொடங்குமுன்பே எல்லோருக்கும் அறிவித்தல் அனுப்பி, ஆட்சேபிக்க ஒரு படிவமும் வைத்தார்கள்.

நல்லூர்த் தேரன்று எடுத்த ஒரே படத்தை பாரிஸ் சித்தியும், மெல்பேண் அக்காவும், நானும் போட்டிருக்கிறோம். சித்தி படிவம் நிரப்பினால் அவவுடைய படம் தப்பும். அக்காவுடையதும் என்னுடையதும் போகும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சித்தி படிவம் நிரப்பினாலும், நான் போட்ட படத்தில் அவ நின்றால் அந்தப் படம் போகத்தான் செய்யும், மெட்டாவே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் சட்டமில்லாத ஒருவன் பாரிஸில் சட்டமுள்ள ஒருவருக்கும் ஓட்டை. ஐரோப்பியச் சட்டத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

வட்ஸ்அப் 2021 ஜனவரியில் புது விதிகளை ஏற்றுக்கொள் என்று எல்லோருடைய போனிலும் பெட்டியைத் தட்டிவிட்டது ஞாபகமிருக்கும். பெப்ரவரி 8 என்றார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் மே 15 என்றார்கள். அப்போதும் ஐரோப்பியப் பகுதிக்குத் தரவுப் பகிர்வில் மாற்றம் எதுவும் இல்லை என்று தனியாக விளக்கம் கொடுத்தார்கள். இந்தியாவில் அந்த விவகாரம் போட்டி ஆணையம் வரை போய், 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடி இந்திய ரூபாய் அபராதம் விழுந்தது. நாங்கள் என்ன செய்தோம்? சிக்னல் இறக்கினோம். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வட்ஸ்அப்புக்கே வந்தோம், ஏனென்றால் அம்மா அங்கேதான் இருந்தா.

இதுவரை சொன்னதெல்லாம் மென்பொருள். வன்பொருளில் கதை நேர்மாறு, எனக்கு இதுதான் இந்த விசயத்திலேயே சுவையான இடம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பர் 28இலிருந்து விற்கிற போன்களுக்கெல்லாம் ஒரே மாதிரியான யு.எஸ்.பி. சி துளைதான் என்று சட்டம் போட்டது. அப்பிள் முறுமுறுத்தது, பிறகு 2023 செப்ரெம்பரில் ஐபோன் 15ஐ அந்தத் துளையோடே இறக்கியது. ஐரோப்பாவுக்கு மட்டுமில்லை, உலகம் முழுக்க. நாட்டுக்கொரு அச்சு வார்த்துத் துளை போடுவது கட்டாது. அதனால் பிரசெல்ஸில் போட்ட சட்டம் யாழ்ப்பாணத்துக்குச் சூட்கேஸிலேயே வந்து சேர்ந்தது, நாங்கள் ஒரு கையெழுத்தும் வைக்கவில்லை. இரும்பிலும் கண்ணாடியிலும் செய்கிறதைப் பிரித்துச் செய்வது செலவு. மென்பொருளில் உரிமை என்பது ஒரு சுவிட்ச். இலங்கை என்றால் அணை, பிரான்ஸ் என்றால் போடு. அதற்குச் செலவே இல்லை. எங்கே பிரிப்பது மலிவோ அங்கே பிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இடையில் நிற்பது உதிரிப்பாகம். 2025 ஜூன் 20இலிருந்து ஐரோப்பாவில் புதிதாக வருகிற போன் மாதிரிகளுக்கு, விற்பனை முடிந்த பிறகும் ஏழு வருடம் உதிரிப்பாகம் கிடைக்கவேண்டும், ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட் கொடுக்கவேண்டும். அப்டேட் ஒருவேளை எங்களுக்கும் வந்து சேரும். பாகம் வராது. கஸ்தூரியார் வீதியில் போன் திருத்துகிற நண்பன் ஒருவன் இருக்கிறான். மேசை விளக்குக்குக் கீழே, முகம் பார்க்கிற கண்ணாடியளவு துணி விரித்து, ஆணிகளைக் கழற்றின ஒழுங்கிலேயே வட்டமாக அடுக்கி வைத்துத்தான் வேலை செய்வான். அவன் போடுகிற டிஸ்பிளே கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருவது, கொப்பிதான், அதை ஒளிக்காமல் சொல்லித்தான் போடுவான். இப்போது வருகிற சில போன்கள், பாகம் மாறினதைக் கண்டுபிடித்து, தெரியாத பாகம் என்று திரையில் எழுதிக் காட்டுகின்றன. "அண்ணை, நான் ஒழுங்காச் செய்து குடுக்கிறன். போன் வீட்டை போய் என்னைக் கள்ளன் எண்டு சொல்லுது," என்றான். உண்மையான பாகத்தை இங்கே விற்கவும் மாட்டார்கள், வேறு பாகம் போட்டால் பழியும் சொல்வார்கள்.

சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ரொறன்ரோ பெரியப்பாவைக் கேளுங்கள். கனடா 2023 ஜூனில், செய்தி இணைப்புகளுக்குப் பெரிய தளங்கள் ஊடகங்களுக்குக் காசு கொடுக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. கூகுள் பேரம் பேசி வருடத்துக்கு 10 கோடிக் கனடிய டொலர் என்று இணங்கியது. மெட்டா இணங்கவில்லை. ஓகஸ்ட் 1இலிருந்து கனடாவில் இருக்கிறவர்களுக்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தியையே நிறுத்தியது. கனடியச் செய்தி மட்டுமில்லை, வெளிநாட்டு ஊடகங்களின் செய்தியும் சேர்த்து. அந்த மாதமே மேற்கில் காட்டுத்தீ பரவி ஊர்களைக் காலி செய்தபோதுகூடத் திறக்கவில்லை. பெரியப்பா விடிய எழும்பி முதலில் பார்ப்பது ஊர்ச் செய்திப் பக்கங்களைத்தான். யாருடைய மரண அறிவித்தல், எந்த வீதியில் விபத்து, கோயில் வழக்கு என்னாச்சு. அந்தப் பக்கங்கள் அங்கே திறவாது என்பதால் இப்போது நாங்கள் போன் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். தமிழ்ச் செய்தியாளருக்கு இதனால் ஒரு சதமும் போகவில்லை, வாசகர்தான் போனார். மெல்பேண் அக்காவின் மகளுக்கு 15 வயது. 2025 டிசெம்பர் 10இலிருந்து அங்கே 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்ஸ்டகிராமும் ரிக்ரொக்கும் கணக்கு வைத்திருக்க விடக்கூடாது. அது நல்ல சட்டமா என்று எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: அபராதம் கம்பனிக்குத்தான், 4.95 கோடி அவுஸ்திரேலிய டொலர் வரை. பிள்ளைக்கோ தாய்க்கோ ஒரு தண்டனையும் இல்லை.

இப்போது எங்கட நாட்டுக்கு வருகிறேன்.

இலங்கை அரசுக்குத் தெரிந்த தொழில்நுட்பக் கொள்கை நெடுநாளாக ஒன்றேதான்: இழுத்து மூடு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தபோது ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு கிழமை மூடினார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு மூடினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஜனாதிபதி கோத்தாபயவுக்கு எதிராகக் கூட்டம் சேரும் என்று பயந்து மூடினார்கள். அன்றைக்கு நாமல் ராஜபக்சவே, அமைச்சரவையில் இருந்துகொண்டு, தடையைச் சுற்றிப் போக வி.பி.என். இருக்கும்போது இப்படித் தடை போடுவது வீண் என்று எழுதினார். அந்த நாள் முடியுமுன்பே திறந்தும் விட்டார்கள். 2018 கலவரத்துக்குத் தன் தளம் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். கொத்துரொட்டிக்குள் கருத்தடை மாத்திரை போடுகிறார்கள் என்று அம்பாறையில் கிளப்பின பொய்யிலிருந்து அந்த மன்னிப்புக்கு இரண்டு வருடத்துக்கு மேல். அந்த மன்னிப்பை எந்தச் சட்டமும் கேட்டு வாங்கவில்லை. கம்பனி தானே ஆய்வு செய்வித்து, தானே கேட்டது.

பிறகு சட்டம் வந்தது. 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு. 2024இன் 9ஆம் இலக்கச் சட்டம் நிகழ்நிலைக் காப்பு, அதாவது இணையத்தில் எழுதுவதைப் பற்றியது. முதலாவது கம்பனிகளையும் அலுவலகங்களையும் பார்த்து, மக்களுடைய தரவோடு விளையாடாதே என்கிறது. இரண்டாவது எங்களைப் பார்த்து, பொய் சொல்லாதே என்கிறது. எது பொய் என்று ஜனாதிபதி நியமிக்கிற ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு தீர்மானிக்கும், தண்டனை ஐந்து வருடச் சிறை வரை போகும். இரண்டில் எது விறுவிறு என்று நடந்தது என்று நினைக்கிறீர்கள்?

நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்று நிறைவேறியது. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேர்க்கப்படவில்லை என்று அப்போதைய யாழ். மாவட்ட உறுப்பினர் சுமந்திரன் சபையிலும் நீதிமன்றத்திலும் கத்திப் பார்த்தார். பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையெழுத்து வைத்துவிட்டார். எட்டு நாள். தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 2022இல் நிறைவேறி, அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வருவதாக இருந்து, அந்தத் திகதியும் கிட்ட வந்தவுடன் பிற்போடப்பட்டது. ஆயத்தம் போதாதாம். தவறு செய்கிற நிறுவனத்துக்கு அதில் சொல்லப்பட்ட தண்டம் ஒரு தடவைக்கு ஒரு கோடி ரூபாய் வரை. மெட்டாவின் 2024 வருமானம் 16,450 கோடி டொலர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கோடி ரூபாய் என்பது அவர்களுக்கு ஆறேழு செக்கன் வருமானம். இந்தப் பந்தியை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் பல தண்டம் கட்டியிருப்பார்கள்.

தண்டம் வேண்டாம், வரியாவது வேண்டும் என்பதில் மட்டும் அரசு தெளிவு. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 18 வீத வற் வரியை 2025 ஒக்டோபரில் தொடங்குவதாகச் சொல்லி, 2026 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். கட்டப்போவது கம்பனியா, அதை விலையில் ஏற்றி வாங்குகிற நாங்களா என்று கேட்கத் தேவையில்லை. தன் தரவையே பத்திரப்படுத்தத் தெரியாத அரசு என்பதும் கணக்கில் இருக்கட்டும்: 2023 ஓகஸ்டில் அரச கிளவுட்டுக்குள் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கிற ரான்சம்வெயார் புகுந்து, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மூன்று மாதக் கடிதங்கள் அழிந்தே போயின. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. என் கடைக்கு வருகிற ரீச்சர் மூன்றாம் தவணை வினாத்தாளை இரண்டு பென்டிரைவில் வைத்திருக்கிறா.

தமிழருக்கு இதில் ஒரு மேலதிகச் சுமை உண்டு. நாங்கள் இரண்டு பட்டியல்களுக்கு நடுவில் எழுதுகிறவர்கள். ஒரு பக்கம் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979இலிருந்து. 2020, 2021 காலத்தில் ஃபேஸ்புக்கில் ஒரு படம் பகிர்ந்ததற்காக வடக்கிலும் கிழக்கிலும் பெடியளை அந்தச் சட்டத்தில் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். மறுபக்கம், புலிகளை 1997இல் அமெரிக்கா தடைப் பட்டியலில் போட்டது. அதை ஒட்டித்தான் ஃபேஸ்புக்கின் ஆபத்தான அமைப்புகள் பட்டியலும் நிற்கிறது. 2021 ஒக்டோபரில் அந்தப் பட்டியல் கசிந்து வெளியே வந்தது. கார்த்திகை மாதத்தில் செத்த பிள்ளையின் படத்தைப் போட்டு விளக்கேற்றுகிற தாயையும், அரசியல் பிரசாரம் செய்கிறவரையும் அந்த இயந்திரத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. அதனால் சனம் முகத்தை மறைத்துப் பூவை ஒட்டுகிறது, சொல்லுக்கு நடுவில் புள்ளி வைக்கிறது. வாசிங்டனில் போட்ட பட்டியல் இங்கே வந்து சேர ஒரு தடையும் இல்லை. பிரசெல்ஸில் போட்ட உரிமை மட்டும்தான் வழியில் நிற்கிறது.

"சின்ன நாடு, நாங்கள் சொன்னால் யார் கேட்பான்" என்பது இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வருகிற மறுமொழி. கடையிலும் அதுதான், குழுவிலும் அதுதான். ஒஸ்லோ மச்சான் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். நோர்வேயின் சனத்தொகை 55 லட்சம், எங்களில் கால்வாசி. 2023இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம், ஆட்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதை நிறுத்து என்று மெட்டாவுக்குச் சொன்னது. நிறுத்தவில்லை. ஓகஸ்ட் 14இலிருந்து நாளுக்குப் பத்து லட்சம் குரோனர் தண்டம். மெட்டாவுக்கு அதுவும் செக்கன் கணக்குத்தான். ஆனால் அந்த அலுவலகம் அங்கே நிற்காமல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுபோக, ஒக்டோபர் கடைசியில் அந்தத் தடை ஐரோப்பியப் பொருளாதார வலயம் முழுவதற்கும் விரிந்தது. அடுத்த மாதமே மெட்டா ஐரோப்பாவில் காசு கட்டினால் விளம்பரமில்லாத ஃபேஸ்புக் என்று புதுத் திட்டத்தோடு வந்து நின்றது. தொடங்கினது அந்தச் சின்ன நாடு.

மச்சானின் உதாரணத்தில் ஓட்டை இல்லாமலில்லை. நோர்வேக்குப் பின்னால் முழு ஐரோப்பாவும் நின்றது. எங்களுக்குப் பின்னால் நிற்பது தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க். அது கடைசியாக உச்சிமாநாடு கூடினது 2014 நவம்பரில், காத்மண்டுவில்.

அதனால் நோர்வே மாதிரிச் செய் என்று நான் கேட்கவில்லை. அதைவிட மலிவான ஒன்றைத்தான் கேட்கிறேன். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2025இல் ஒருமுறை திருத்தினார்கள், திரும்பவும் திருத்தலாம். நிகழ்நிலைக் காப்பையும் திருத்துவோம் என்று, எதிர்க்கட்சியாக இருந்தபோது அதை எதிர்த்தவர்கள் இன்று ஆட்சியிலிருந்து சொல்கிறார்கள். அந்தத் திருத்தத்துக்குள் ஒரு பிரிவு: வேறு எந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு கம்பனி தன் பாவனையாளருக்கு ஒரு தெரிவைக் கொடுக்கிறதோ, அதே தெரிவை இலங்கையில் இருக்கிற பாவனையாளருக்கும் சிங்களத்திலும் தமிழிலும் கொடுக்கவேண்டும். புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை, படிவம் ஏற்கனவே இருக்கிறது, சுவிட்ச் ஏற்கனவே இருக்கிறது. செய்யமுடியாது என்று அவர்கள் சொல்லமுடியாது, மாட்டோம் என்றுதான் சொல்லவேண்டிவரும். அதைச் சபையில், பதிவாகிற இடத்தில் சொல்லட்டும். கனடாவில் போல வெளியேறுவோம் என்று மிரட்டுவார்களா? அங்கே கேட்டது காசு. இங்கே கேட்பது ஒரு படிவம். ஒரு படிவத்துக்காக இரண்டு கோடிச் சனத்தை விட்டுப் போவார்கள் என்று நான் நம்பவில்லை.

2024 நவம்பரில் யாழ். தேர்தல் மாவட்டத்தில் தெரிவான ஆறு பேரில் மூன்று பேர் ஆளும் கட்சி. தமிழ்க் கட்சிகளின் கோட்டை என்று சொல்லப்பட்ட இடத்தில் அது பெரிய விசயம் என்று அன்றைக்கு எல்லோரும் எழுதினோம். 2025 செப்ரெம்பரில் ஜனாதிபதி வந்து கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார், மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார், யாழ். நூலகத்தில் மின்நூலகத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவரும் இதுவரை தரவுப் பாதுகாப்பைப் பற்றி வாய் திறந்ததை நான் கேட்கவில்லை. மேலே சொன்ன பிரிவை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மூவருக்கும் மூன்று பிரதி, எதிர்க்கட்சியில் இருக்கிற மற்ற மூவருக்கும் மூன்று. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன், வராவிட்டாலும் போடுகிறேன்.